இரண்டும் ஒன்றான பிறகுதான் அண்ணன் அமுக்கினார்

எங்கள் அண்ணன் எங்களைவிட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, விசிறிக்கொண்டும் புரட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அண்ணனிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேர் அவருடைய கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள். படித்தவர்கள் அவரைப் பற்றி நல்லதாகவே பேசுவீர்கள். கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் பேசும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் முறைப்படி அவருடைய வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். எழுதுவது பேசுவது போலத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் கடற்காற்று நேராக வந்து மோதும் தெருவில், மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவன் நான். கடைசி தங்கை. அப்பா பங்குக் கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தை ஒழுங்கு செய்வது, பூசை முடிந்ததும் மெழுகுவர்த்திகளை அணைப்பது அவர் வேலை. தங்கைக்கு நான்கு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து தங்கைக்குத் தலை பின்னிவிட்டவர் அண்ணன். ஸ்கேல் வைத்து வகிடு எடுத்தாயா என்று தெருவில் பெண்கள் கேட்பார்கள். அவ்வளவு நேராக இருக்கும்.

பட்டப்படிப்பு முடித்து, அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். என்னையும் படிக்கவைக்க எவ்வளவோ பார்த்தார். எனக்குப் புத்தகத்தைவிடச் சக்கரம் பிடித்திருந்தது. அதைப் புரிந்துகொண்டு, மயிலாப்பூரில் தையல் மிஷின் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அவரே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். நான் படிக்காமல் போனதை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. மாலையில் குப்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக்கொடுப்பார். விடை தப்பாக வந்தால் அடித்து எழுதச் சொல்ல மாட்டார். "வழியில எங்கியோ ஒரு எடத்துல மாத்தித் திரும்பிட்ட. எங்கன்னு பாப்போம்" என்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அண்ணி பார்த்திருக்கலாம், கேட்டால் சிரிக்கிறார்.

இனி கேமராவுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருந்தார். பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தன் ஃபிலிம் கேமராவை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழையது. அதில் பார்க்கும் கண்ணாடி வேறு, படம் விழும் கண்ணாடி வேறு. பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிரே நிற்கும் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்சைச் சுற்றி இருக்கும் வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு ஆளும் ஒருவர்மேல் ஒருவர் வந்து சரியாகப் பொருந்தியதும் பொத்தானை அமுக்கினால் முகம் பளிச்சென்று விழும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வளையம் சுலபத்தில் திரும்பாது. உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து, அதில் கடற்கரை மணலும் சேர்ந்து, திருப்பினால் நறநற என்று சத்தம் வரும். கொஞ்சம் போகும், நிற்கும், பிறகு பொசுக்கென்று தாண்டி ஓடிவிடும். திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். படம் எடுக்கும் முன் வளையத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு முறை ஓட்டுவார். பிறகு இரண்டு கைவிரல்களாலும் பிடித்து மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். அதுவரை எதிரே நிற்பவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். முதலில் விறைப்பாக நிற்பார்கள். பிறகு அலுப்பார்கள். பிறகு திட்ட ஆரம்பிப்பார்கள். குப்பத்தில் ஞானஸ்நானத்துக்குப் படம் எடுக்கப் போனபோது குழந்தையின் தகப்பன், "இன்னா சாரு, இன்னும் முறுக்கிக்கினே கீற? புள்ள வளந்து கல்யாணத்துக்கு நின்னுடப் போவுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நொடியில்தான் அண்ணன் அமுக்கினார். அந்தப் படம் இன்றும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. தகப்பனின் பல் எல்லாம் எண்ணலாம்.

எனக்கு அந்த வளையம் மானப் பிரச்சினையாக இருந்தது. நான் மிஷின்காரன். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இறுகிப் போன மிஷின் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தி.நகரில் பிளவுஸ் தைக்கும் ஓர் அம்மா சொல்வார்: "நீ கைய வெச்சா மிஷினு ஓடுதுய்யா. வாயத் தொறந்தா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது." அப்படிக் கைக்கும் வாய்க்கும் பேர் வாங்கியவனின் சொந்த அண்ணன் எல்லார் முன்னாலும் நறநறவென்று முறுக்கிக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? கழற்றிச் சுத்தம் செய்து தருகிறேன் என்று பல தடவை கேட்டேன். "வேணான்டா. அதோட மொரண்டு எனக்குப் பழகிடுச்சு. தொடாத" என்றார். அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்ன விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவுக்கு அப்போது உடம்பு மிகவும் தளர்ந்து, நாற்காலியைவிட்டு எழ முடியாத நிலை. வெளியாள் யாரும் வேண்டாம், தங்கையின் கல்யாணத்தை நானேதான் எடுப்பேன் என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், அவர் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், நான் கேமராவை எடுத்துக்கொண்டு போய் என் கடையில் கழற்றினேன்.

அவருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருந்தது உண்மை. கல்யாணத்தில் நாலு பேர் சிரிக்கக் கூடாது என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. அதுவும் உண்மை.

வளையத்தைத் தளர்த்தி, முன்பக்கக் கண்ணாடிக் குழலைத் திருகித் திருகி வெளியே எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீசையும் மணலையும் துடைத்தேன். மிஷினுக்குப் போடும் மெல்லிய கிரீசைத் தடவித் திரும்பத் திருகினேன். வளையம் நழுவிக்கொண்டு ஓடியது. பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். எதிர்க்கடை போர்டு இரண்டாகத் தெரிந்து அழகாக ஒன்று சேர்ந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அந்தக் குழலின் மரைக்கு, அதாவது திருகு வரிக்கு, தொடங்கும் வாய் ஒன்றல்ல, பல. ஊறுகாய் பாட்டில் மூடி போல எந்த வாயில் வைத்துத் திருகினாலும் ஏறிக்கொள்ளும். ஆனால் எந்த வாயில் ஏறியது என்பதைப் பொறுத்துக் கண்ணாடி உள்ளே ஒரு நூல் முன்னோ பின்னோ உட்கார்ந்துவிடும். பார்க்கும் கண்ணாடிக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு இரண்டை ஒன்றாக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். ஃபிலிமில் விழுவது மட்டும் தவறிப் போகும். கழற்றும் முன் இரண்டு பக்கமும் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்திருந்தால் போதும். தையல் மிஷினில் ஒரு சின்னச் சக்கரத்தைக் கழற்றினாலும் நான் அடையாளம் போடாமல் கழற்றியதில்லை. அன்று போடவில்லை. திருகுதானே, திரும்ப அதே இடத்துக்குத்தானே வரும் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் அண்ணன் கேமராவை எடுத்து வளையத்தைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கழட்டினியா?"

"இல்லண்ணே. மேலாக்க ரெண்டு சொட்டு எண்ணெ விட்டேன், அவ்ளோதான்."

சொல்லாமல் செய்ததற்குத் திட்டுவாரோ என்ற பயத்தில் வாயில் வந்த பொய் அது. பெரிய பொய் என்று அப்போது தோன்றவில்லை. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கோயிலுக்குக் கிளம்பும் முன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தங்கையின் நெற்றியில் சிலுவை வரைந்தார். அண்ணன், "அப்பா, கைய அப்படியே வெச்சிக்கோங்க" என்றார். அப்பாவுக்குக் கையைத் தூக்கிப் பிடிப்பதே சிரமம். ஆனாலும் எடுக்காமல் வைத்திருந்தார். வளையம் ஒரே இழுப்பில் ஓடி நின்றது, அண்ணன் அமுக்கினார். யாரையும் காக்கவைக்கவில்லை. யாரும் கேலி பேசவில்லை. என் மனதுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பாண்டி பஜாரில் ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்திருந்த படங்களை வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் உறையை நீட்டும்போதே முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். "சார், நாங்க ஒண்ணும் பண்ணல. நெகட்டிவ்லயே அப்படித்தான் கீது" என்றார். அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மாப்பிள்ளை, பெண், சாமியார், பந்தி, எல்லா முகமும் பனிக்குள் நிற்பது போல இருந்தது. அப்பா சிலுவை போடும் படம் வந்தது. அப்பாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதியைப் படிக்க முடிந்தது. அப்பாவின் முகத்தில் கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அண்ணனின் கை ஆடியிருந்தால் காலண்டரும் கலங்கியிருக்கும். பின்னால் இருப்பது தெளிவாகவும் முன்னால் இருப்பது மங்கலாகவும் விழுந்திருக்கிறது என்றால், கண்ணாடி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மிஷின்காரனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது.

பஸ் நிறுத்தத்தில் அண்ணன் கேட்டார். "நீ கழட்டலதானே?"

"இல்லண்ணே."

"நீ சொன்னா சரி" என்றார். உறையைப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப என் கண்ணுதான்டா. ரெண்டும் சேந்துச்சான்னு சரியாப் பாக்கத் தெரியல எனக்கு" என்றார்.

தன் கண்ணைவிட என் வார்த்தையை நம்பினார். இந்த மலரில் அண்ணனின் குணங்களைப் பற்றி மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான்.

மூன்று மாதத்தில் அப்பா போய்விட்டார். மணக்கோலத்தில் தங்கை அப்பாவோடு சேர்ந்திருக்கும் படம் வேறு கிடையாது. அண்ணன் கண் மருத்துவரிடம் போனார். நான்தான் துணைக்குப் போனேன். பெரிதாக ஒன்றுமில்லை, வேண்டுமானால் லேசான பவரில் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். போட்டுக்கொண்டார். கண்ணாடி போட்டு இன்னொரு ரோல் எடுத்துப் பார்த்தார், அதுவும் மங்கல். கேமராவை உறையில் வைத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். அதோடு நிற்கவில்லை. கண் சரியில்லாதவன் சாலையில் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று மொபெட்டை விற்றுவிட்டு, அடையாறுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்வந்தார். விடைத்தாள் மதிப்பெண்களை ஒரு தடவைக்கு மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். தப்பு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்த்தார்.

நம் வீட்டு விசேஷங்களில் அவருக்கு ஒரு பெயர் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தங்கையின் பிள்ளைகள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்கள்: மசமச மாமா. பிறகு பெரியவர்களும் பிடித்துக்கொண்டோம். பந்தியில் அவருக்குப் பரிமாறும்போது, "மாமாவுக்கு இலை தெரியுதான்னு கேட்டுட்டு வை" என்று யாராவது சொல்வார்கள். அவரும், "பாயசம் மட்டும் தெளிவாத் தெரியுதுப்பா, அதை வை" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார். நானும் சிரித்திருக்கிறேன். எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்திருக்கிறேன்.

ஒரு தவக்காலத்தில் மனது தாங்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தை ஒப்புக்கொண்டேன். சாமியார் முழுதும் கேட்டுவிட்டு, இத்தனை செபம் சொல்லுங்கள் என்றார். பிறகு, "செபம் எனக்காக இல்ல. அதைச் சொல்லிட்டு நேரா அண்ணன்கிட்ட போங்க" என்றார். வெளியே வந்து கோயில் பெஞ்சில் முழந்தாளிட்டேன். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அண்ணன், தன் முறை வருவதற்காக, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் சொன்ன செபங்களையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் வேறு எதையெதையோ பேசினேன். செபம் முடிந்தது, அதனால் கணக்கும் முடிந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அண்ணனின் கடைசி நாட்கள் அடையாறில் ஒரு மருத்துவமனையில் கழிந்தன. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. வலியைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் பேத்திக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பகலில் நான் துணைக்கு இருப்பேன். ஒரு மதியம் விழித்திருந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். தங்கையின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவ கல்யாணத்துக்காவது நல்ல ஆளா வெச்சு எடுங்கடா. நான் ஒரு கல்யாணத்தக் கெடுத்தது போதும்" என்றார். சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகச் சிரித்தபடியே சொன்னதை அன்று சிரிக்காமல் சொன்னார்.

சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நர்ஸ் வரவில்லை, போன் அடிக்கவில்லை, அவர் தூங்கிவிடவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது, "மோர் குடிக்கறீங்களாண்ணே?" என்பதுதான். வேண்டாம் என்றார். நான்கு நாள் கழித்து, சாமியாரிடம் நோயில்பூசுதல் பெற்று, அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணி அந்தக் கேமராவை எடுத்துவந்து, "நீங்கதான் மிஷின் ஆளு, வெச்சிக்கோங்க தம்பி" என்று என் கையில் கொடுத்தார். திருவல்லிக்கேணியில் பழைய கேமராக்களைச் சரிசெய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒருவேளை என் தப்பாக இல்லாமலும் இருக்கலாம் என்ற நப்பாசை எனக்கு அதுவரை இருந்தது. அவர் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒரு மங்கல் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "மரை வாய் மாறி ஏறிக்கீது சார். தொறந்தவரு கை நல்ல சுத்தமான கைதான். அடையாளம் போடாம விட்டுட்டாரு" என்றார். யார் திறந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

சரிசெய்து வாங்கிவந்து அண்ணியின் முன்னால் வைத்தேன். அதன் பிறகுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஆய்ந்தார். மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"எங்கிட்ட சொல்லி முடிச்சிக்காதீங்க தம்பி. அந்தக் கேலிய அவரு தனியாவா கேட்டுக்கிட்டாரு? பந்தியில வெச்சில்ல கேட்டுக்கிட்டாரு. நீங்களும் அங்கியே சொல்லுங்க."

மலர் போடுவதென்று முடிவானபோது, இந்தப் பக்கங்களை எனக்கு ஒதுக்கச் சொன்னவரும் அண்ணிதான். தங்கையிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் அப்பாவின் படத்தை எடுத்துப் பார்த்தாள். இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவள் பேசும்வரை நான் காத்திருப்பேன்.

அண்ணன் நோயுற்றிருந்த நாட்களில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாறி மாறி ரத்தம் கொடுத்த அவருடைய பழைய மாணவர்களுக்கும், அடக்கத்தன்று மழையில் நனைந்துகொண்டு பெட்டியைச் சுமந்த குப்பத்துச் சகோதரர்களுக்கும், பாடற்குழுவினருக்கும், பங்குத்தந்தைக்கும், அண்ணியைத் தனியே விடாமல் ஆளுக்கொரு நாள் வந்து உடன் இருந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அண்ணன் எடுத்த மங்கலான படம் உங்களில் யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து அதை எடுத்து, அதன் பின்பக்கத்தில் என் பெயரை எழுதி வையுங்கள். அண்ணனின் கண்ணில் கடைசிவரை பழுது இருந்ததில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததைச் சரியாகப் பார்த்து, சரியான நேரத்தில்தான் அவர் அமுக்கினார்.

திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. பரிமாறும் வேலையை இந்த முறை பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, நான் முதல் பந்தியிலேயே உட்காருகிறேன். என்னைக் கேட்க வேண்டியதை அங்கே வைத்துக் கேளுங்கள்.